என்பிடெல் கணிதப் பாடங்கள்: பி.எஸ்சி.க்கு அப்புறம் எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்க உதவுமா?

பி.எஸ்சி. கணிதம் படிக்கிற பிள்ளை மூன்றாம் ஆண்டில் காலெடுத்து வைத்த உடனே வீட்டில் தொடங்கிவிடுகிற கேள்வி, "அடுத்து என்ன?" எம்.எஸ்சி. கணிதமா, புள்ளியியலா, டேட்டா சயின்ஸா, எம்.சி.ஏ.வா, பி.எட். முடித்து டீச்சர் வேலைக்கா, இல்லை வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. என்று உட்கார்ந்துவிடுவதா. யோசனை சொல்ல சித்தப்பா, எதிர்வீட்டு அண்ணன், கோச்சிங் சென்டர் நோட்டீஸ் என்று ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்தப் பாடம் தனக்கு ஒத்துவருமா என்று படிக்கப்போகிற பிள்ளை முன்கூட்டியே கொஞ்சம் படித்துப் பார்க்க இடம்தான் இல்லை. அந்த இடமாக, ஐ.ஐ.டி. போன்ற இடங்களின் பேராசிரியர்கள் பாடம் நடத்துகிற இணையத்தளமான என்பிடெல் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கணிதம் படித்தவள், மாணவியாக இருக்கும்போது அதில் பாடங்கள் முடித்திருக்கிறேன், இப்போது எனக்குப் பின்னால் வருகிற தம்பி தங்கைகள் கேட்கும்போது எதை எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். சர்டிபிகேட் ரெஸ்யூமில் எவ்வளவு எடுபடும் என்று தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கலை அறிவியல் கல்லூரிகளில் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் இயற்கணிதம், முக்கோணவியல், நுண்கணிதம், பகுமுறை வடிவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், துணைப்பாடமாக இயற்பியலோ புள்ளியியலோ என்றே போய்விடும். பிளஸ் டூவில் கணக்கு நன்றாகப் போட்ட பிள்ளைக்கு இது பழகிய பாதை, வேகமாகப் போட்டால் மார்க். நிரூபணத்தை மையமாக வைத்த ரியல் அனாலிசிஸும் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவும் பல பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் ஐந்தாவது செமஸ்டரில்தான் தலைகாட்டும், காம்ப்ளக்ஸ் அனாலிசிஸ் அதற்கும் பிறகு. எம்.எஸ்சி. கணிதத்தில் போய் உட்கார்ந்தால் இந்த மூன்றும்தான் முதுகெலும்பு. ஆனால் ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வுக்கு விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பர் அக்டோபரிலேயே வந்துவிடும், தேர்வு பிப்ரவரியில். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆர். நுழைவுத் தேர்வு வழக்கமாக டிசம்பரில். ஆக, ரியல் அனாலிசிஸ் தொடங்கி ஒன்றிரண்டு யூனிட் ஓடுவதற்குள், இதையே இன்னும் இரண்டு வருடம் படிக்க உனக்கு இஷ்டமா என்று விண்ணப்பம் வந்து நிற்கிறது. ரியல் அனாலிசிஸின் அரிச்சுவடியான எப்சிலான், டெல்டாவே இன்னும் கைக்கு வராத பிள்ளை என்ன பதில் சொல்லும்? பக்கத்து பெஞ்சுக்காரர் என்ன எழுதினாரோ அதையே எழுதும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் என்பிடெல். 2003-இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து தொடங்கியது, 2014 முதல் தேர்வு வைத்துச் சான்றிதழும் தருகிறார்கள். பாடங்கள் 4, 8, 12 வாரம் என்று மூன்று அளவில் வரும். வருடத்துக்கு இரண்டு சுற்று, ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று. சேரவும் படிக்கவும் பணம் கிடையாது, வாரா வாரம் வருகிற அசைன்மென்டைப் போடவும் கிடையாது. தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம், வெகுகாலமாகப் பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் என்ற அளவில் இருந்தது, அந்தந்தச் சுற்றின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு வீட்டிலிருந்து எழுதுவது இல்லை, சென்டருக்கு நேரில் போக வேண்டும். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 12 வாரப் பாடத்துக்குச் சிறந்த 8 மட்டும் கணக்கில் வரும், ஆகவே கல்லூரியில் மாடல் எக்ஸாம் நடக்கிற வாரம் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் குடி மூழ்கிவிடாது.

சரி, எதை எடுப்பது? நான் எல்லாருக்கும் முதலில் சொல்வது சென்னையில் இருக்கிற கணித நிறுவனமான சி.எம்.ஐ.யின் கிருஷ்ணா ஹனுமந்து நடத்துகிற குரூப் தியரி பாடம், அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவின் முதல் படி. நான்காவது செமஸ்டரில் இருக்கிற பிள்ளையே எடுக்கலாம், முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியது ரொம்பக் குறைவு. நுண்கணிதத்தில் விட்டதெல்லாம் இங்கே வந்து காலை வாராது. அப்புறம் முக்கியமான காரணம், இந்தப் பாடத்தில் வேகமாகக் கணக்குப் போடுகிற திறமைக்கு வேலையே இல்லை. யோசிக்கப் பிடிக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் மிஞ்சும். ஒரு தேற்றத்தை எடுத்துக்கொண்டு, உதாரணம் கொடுத்து, எங்கே உடையும் என்று காட்டி நகர்கிற நிதானம் பல கல்லூரி வகுப்புகளில் நேரம் போதாமலேயே கிடைக்காமல் போகிற விஷயம். ஒரு வீடியோவை இரண்டு தரம் பார்த்துவிட்டு நோட்டை மூடி வைத்து நீங்களே அந்த நிரூபணத்தை எழுதிப் பாருங்கள். எங்கேயோ நடுவில் சிக்கும். சிக்கின இடத்தைத் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறதா, அல்லது அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டால் போதும் என்று இருக்கிறதா? எம்.எஸ்சி. கணிதம் போகலாமா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எந்த ஆலோசனைக் கூட்டத்திலும் கிடைக்காது.

ஆனால் ஒரு குறையை அழுத்திச் சொல்ல வேண்டும். கணிதத்துக்கு என்பிடெல்லின் பெரிய குறையே அதன் அசைன்மென்ட்தான். ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கிற இடத்தில் ஒவ்வொருவர் நிரூபணத்தையும் ஆள் வைத்துத் திருத்த முடியாது, அதனால் பெரும்பாலும் சரியான விடையைத் தெரிவு செய்கிற கேள்விகள், இல்லாவிட்டால் ஓர் எண்ணைத் தட்டச்சு செய்கிற கேள்விகள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு குலத்தில் (குரூப்பில்) எந்த உறுப்பை எடுத்து அதை அதனோடேயே பெருக்கினாலும் சமனி உறுப்புதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பரிமாற்றுக் குலமா, அதாவது எந்த இரண்டு உறுப்பையும் வரிசை மாற்றிப் பெருக்கினாலும் ஒரே விடைதானா? நாலு தெரிவு கொடுத்துக் கேட்டால், தெரிந்த நாலு உறுப்புக் குலம் ஒன்றை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஆம்" என்று அழுத்திவிடலாம், முழு மார்க் வந்துவிடும். ஏன் என்று எழுதச் சொன்னால்தான் விஷயமே தொடங்குகிறது. ஒவ்வோர் உறுப்பும் தனக்குத் தானே எதிர்மறை (இன்வர்ஸ்). இரண்டு உறுப்பைப் பெருக்கி அதற்கு எதிர்மறை எடுத்தால், அவற்றின் எதிர்மறைகள் வரிசை மாறிப் பெருக்கப்பட்டு வரும். அந்தப் பெருக்கற்பலனும் அதே குலத்தின் உறுப்புதானே, ஆகவே அதுவும் தனக்குத் தானே எதிர்மறை. அப்படியென்றால் வரிசையை மாற்றிப் பெருக்கினாலும் அதே விடைதான். முடிந்தது. இந்த நாலு வரியைத் தானாகக் கண்டுபிடித்து எழுதின பிள்ளைக்கும் "ஆம்" என்று அழுத்தின பிள்ளைக்கும் என்பிடெல் கொடுக்கிற மார்க் ஒன்றேதான். அதனால் 90-க்கு மேல் வாங்கித் தங்கம் போட்ட சான்றிதழ் கையில் இருந்தாலும், நிரூபணம் எழுத வரும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

இதற்கு நான் சொல்கிற மாற்று, சி.எம்.ஐ. எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வின் பழைய வினாத்தாள்கள். அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் விரிவாக எழுதி நிரூபிக்க வேண்டிய பகுதி உண்டு. இந்தியப் புள்ளியியல் நிறுவனமான ஐ.எஸ்.ஐ.யின் எம்.மேத் என்கிற முதுகலைக் கணிதப் படிப்புக்கான தேர்விலும் இரண்டாவது தாள் அப்படித்தான். ஜாம் தேர்வு வேறு மாதிரி, மூன்று மணி நேரத்தில் 60 கேள்வி, 100 மார்க், எழுதிக் காட்டுகிற வேலையே கிடையாது, தப்பான விடைக்கு முதல் பகுதியில் மார்க் பிடிப்பார்கள். ஜாமுக்கு மட்டும் தயாரான பிள்ளை சி.எம்.ஐ. தாளைப் பார்த்து மலைத்துப்போவதும், அதற்கு நேர்மாறாக நடப்பதும் உண்டு. ஆகவே என்பிடெல்லில் ஒரு வாரப் பாடம் முடித்ததும் பழைய தாளிலிருந்து அது சம்பந்தப்பட்ட ஒரே ஒரு கேள்வியை எடுத்து, முழு வாக்கியங்களாக எழுதி, உங்கள் கல்லூரியில் நம்பிக்கையான ஒரு மேடத்திடமோ சாரிடமோ காட்டுங்கள். "சார், இதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்க" என்று கேட்டால் மறுக்கிற ஆசிரியர்கள் குறைவு. இப்படி ஒரு மாணவர் வந்து கேட்கமாட்டாரா என்று இருக்கிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது கம்ப்யூட்டர் பக்கம். எம்.சி.ஏ., எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், டேட்டா சயின்ஸ் என்று எந்தப் பெயரில் யோசித்தாலும் சி.எம்.ஐ.யின் மாதவன் முகுந்த் நடத்துகிற பைத்தான் பாடத்தை எடுங்கள், 8 வாரம். கணித மாணவர்களுக்காகவே செய்த மாதிரி இருக்கும். முதல் வாரமே மீ.பொ.வ.வில் (மீப்பெரு பொது வகுத்தியில்) தான் தொடங்குகிறார். இரண்டு எண்களின் வகுத்திகளையும் பட்டியல் போட்டு, பொதுவாக இருப்பதில் பெரியதை எடு என்பது முதல் வழி. பட்டியல் எதற்கு, சின்ன எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வா, இரண்டையும் வகுக்கிற முதல் எண்தான் விடை என்பது அடுத்த வழி. அப்புறம் யூக்ளிட் வருகிறார், பத்தாம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய அதே வழிமுறை. அது ஏன் அத்தனை வேகமானது என்று அப்போதுதான் உறைக்கும். பெரிய எண்கள் இரண்டைக் கொடுத்து முதல் வழியையும் கடைசி வழியையும் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும். இந்த இடத்தில் முகம் மலர்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நிரூபணத்தில் ஒட்டாதவர்கள்கூட "அப்போ இன்னும் வேகமா செய்ய முடியுமா?" என்று கேட்கத் தொடங்குவார்கள். அவர்களுக்கான பக்கம் அதுதான், கணிதம் கைவிட்டுப்போய்விட்டதே என்று வருத்தப்பட ஒன்றுமே இல்லை.

இந்தப் பாடத்தில் இன்னொரு நல்லது, நிரல் எழுதிச் சமர்ப்பித்தால் இயந்திரமே உள்ளீடு கொடுத்து ஓட்டிப் பார்த்துவிடும். விடையை ஊகித்து அழுத்துகிற பேச்சே இல்லை, ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் எங்கே தப்பு என்று நீங்கள்தான் உட்கார்ந்து தேட வேண்டும். நான் மேலே சொன்ன அசைன்மென்ட் குறை இங்கே பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. லேப்டாப் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும் கஷ்டம். செல்போனில் வீடியோ பார்க்கலாம், நிரல் எழுதிப் பழகுவது பெரும்பாடு. கல்லூரி லேபில் மதியம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும், துறைத்தலைவரிடம் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

டேட்டா சயின்ஸ் என்று மட்டும் பிடிவாதமாக இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பைத்தான் தெரிந்தால் ஆயிற்று என்று நினைத்துப் போகாதீர்கள். அந்தப் படிப்பின் அடித்தளம் லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, புள்ளியியல், மூன்றும்தான். சென்னை ஐ.ஐ.டி.யின் கே.சி. சிவகுமார் நடத்துகிற லீனியர் அல்ஜீப்ரா பாடம் என்பிடெல்லில் இருக்கிறது. அணிகளை வைத்துக் கணக்குப் போட்ட பழக்கத்திலிருந்து வெக்டர் ஸ்பேஸ், லீனியர் டிரான்ஸ்பர்மேஷன் என்று யோசிக்கிற பழக்கத்துக்கு மாற அது உதவும். அந்த மாற்றம் நடக்காமலேயே டேட்டா சயின்ஸ் எம்.எஸ்சி.யில் போய் உட்கார்ந்தால் முதல் செமஸ்டரே பாரமாகிவிடும்.

அனாலிசிஸ் பக்கம் நாட்டம் இருந்தால் சென்னை ஐ.ஐ.டி. எஸ்.எச். குல்கர்னியின் ரியல் அனாலிசிஸ். எண்ணத்தக்க கணங்களிலிருந்து தொடங்கி மெட்ரிக் ஸ்பேஸ் வரை போகும். கல்லூரிப் பாடத்தோடு சேர்த்துப் படித்தால் ஐந்தாவது செமஸ்டர் தேர்வுக்கே பயன்படும். அதுவும் சுலபமாகப் போகிறது என்றால் பம்பாய் ஐ.ஐ.டி. இந்தர் ராணாவின் மெஷர் அண்டு இன்டகிரேஷன். இது பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு மேல்மட்டம்தான், முழுதாக முடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதல் சில வகுப்புகளில் நீளம் என்பதையே மறுபடி அடியிலிருந்து கட்டுகிறார். அதைக் கேட்கும்போது "இதை எதற்கு இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள்" என்று எரிச்சல் வருகிறதா, அடுத்து என்ன என்று உட்கார வைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பின்னால் பிஎச்.டி. வரை போக நினைக்கிறவர்கள் இந்த ஒரு பரீட்சையைத் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொள்வது ரொம்ப நல்லது.

ஆசிரியர் வேலை பற்றி என்பிடெல் அதிகம் சொல்லாது. அதற்கான வழி தெளிவாகவே இருக்கிறது. பி.எஸ்சி.யோடு இரண்டு வருட பி.எட்., டெட் இரண்டாம் தாள் என்றால் பட்டதாரி ஆசிரியர் பக்கம். எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் டி.ஆர்.பி. நடத்துகிற முதுகலை ஆசிரியர் தேர்வு. கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக எம்.எஸ்சி.க்கு மேல் நெட், செட் என்கிற தகுதித் தேர்வுகளில் ஒன்றோ பிஎச்.டி.யோ வேண்டும். இதில் ஒத்துவருமா என்று பார்க்க வீடியோ எதற்கு, தெருவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது தரமும் புரியாமல் ஒரு பிள்ளை விழிக்கும்போது வேறு விதமாகச் சொல்லிப் பார்க்க ஆசை வருகிறவர்களைத்தான் பள்ளிக்கூடங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. காப்பீட்டு நிறுவனங்களுக்கு இடர் கணக்குப் போடுகிற ஆக்சுவரி வேலைப் பக்கம் யோசிக்கிறவர்கள் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வான ஏசெட் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு, நிகழ்தகவில் ஒரு பாடம் எடுத்தால் போதும், ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, "இங்கிலீஷில் நடத்துகிறார்களே அக்கா, புரியுமா?" புரியும். கணித வகுப்பில் வருகிற ஆங்கிலம் ரொம்பக் குறுகலானது, ஒரே மாதிரி வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும், முதல் இரண்டு வாரம் கடந்துவிட்டால் காது பழகிவிடும். யூடியூப்பில் வேகத்தைக் குறைத்து, வசன வரியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். பாடத்தின் எழுத்து வடிவமும் தளத்தில் கிடைக்கும், பிரிண்ட் எடுத்து ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதிக்கொண்டு படித்த பிள்ளைகள் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். எழுதும்போது மட்டும் முதலிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள், நுழைவுத் தேர்வில் வேறு வழி இல்லை.

செய்யவே கூடாதது ஒன்று. வாரா வாரம் அசைன்மென்ட் வந்த அன்றே அதன் விடைகளை யூடியூப்பிலும் டெலிகிராமிலும் போடுகிற கூட்டம் இருக்கிறது. கல்லூரியில் கூடுதல் கிரெடிட்டுக்காகக் கட்டாயத்தில் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்து நிரப்பிவிடுகிறார்கள். எனக்கு இதைப் பார்க்க உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும். இந்தப் பாடம் எனக்கு ஒத்துவருமா என்று கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தோம், அதற்கான ஒரே சோதனையையும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் 12 வாரம் எதற்கு? தப்பாகப் போட்டு ஐந்து மார்க் வாங்குங்கள், பரவாயில்லை. விடைகள் வெளியானதும் ஏன் தப்பு என்று பார்க்கிற அந்த அரைமணி நேரத்தில்தான் நீங்கள் தேடி வந்த பதில் இருக்கிறது.

வீடியோவால் எப்போதுமே தர முடியாதது கூடவே படிக்கிற ஆட்கள். அதற்கு எம்.டி.டி.எஸ். என்கிற கணிதப் பயிற்சி முகாம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கியது, தேசிய உயர்கணித வாரியத்தின் நிதியில் நடந்துவந்தது, கோடை விடுமுறையில் நாலு வாரம், பி.எஸ்சி. பிள்ளைகளுக்கென்றே தனி நிலை உண்டு. அங்கே ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே போக, நாம் காப்பி அடிக்கிற கதை கிடையாது. கேள்வி கேட்டுக் கேட்டு உங்களையே சொல்ல வைப்பார்கள். தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பையே பிடித்துக்கொண்டு மேலே போவார்கள். என்பிடெல்லில் ஒரு குரூப் தியரி பாடம் முடித்துவிட்டு இதற்கு விண்ணப்பம் போட்டால் அடித்தளத்தோடு போய் உட்காரலாம்.

இரண்டாம் ஆண்டில் இருக்கிறவர்களுக்கு என் கணக்கு இதுதான்: ஜூலைச் சுற்றில் குரூப் தியரி அல்லது லீனியர் அல்ஜீப்ரா, இரண்டில் எது அந்தச் சுற்றில் வருகிறதோ அது. ஜனவரியில் பைத்தான். கோடையில் முகாம் கிடைத்தால் முகாம், கிடைக்காவிட்டால் சி.எம்.ஐ. பழைய தாள்கள். செப்டம்பரில் ஜாம் விண்ணப்பம் வரும்போது எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று கையில் சரக்கு இருக்கும். மூன்றாம் ஆண்டுக்கே வந்துவிட்டவர்கள் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டாம், முந்தைய சுற்றுகளின் வீடியோக்கள் அப்படியே யூடியூப்பில் கிடக்கின்றன, தேர்வும் சான்றிதழும் இல்லாமல் இன்று இரவே ஆரம்பிக்கலாம். தேர்வுக் கட்டணம் கட்டுவதா வேண்டாமா என்பதை நாலு வாரம் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், அதற்கான பதிவு பாடம் தொடங்கிக் கொஞ்ச நாள் வரை திறந்தே இருக்கும், கடைசித் தேதியை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.